ஆபரேசன் தியேட்டருக்கு வாழைமரம்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடுது, காலையிலயே ஒரு அம்மா விழுந்து எந்திரிச்சா. இப்படி வாங்க. உங்களுக்கு உள்ள யாரு? மாமியாரா. இடுப்பெலும்பா. அது ஒண்ணும் செய்யாது, கம்பி வச்சு விட்டுருவாவ. எனக்கு வீட்டுக்காரி, பேச்சியம்மா. பித்தப்பையில கல்லு. முதல்ல கல்லுன்னாவ, இப்ப சீழுங்காவ. அன்னா, ஃபேனுக்குக் கீழ காலை நீட்டிக்கிட்டு இருக்கான் பாருங்க, கட்டம் போட்ட சட்டை, அவன் என் மச்சினன் ஐயம்பெருமாள். அவளுக்குக் கூடப்பொறந்த தம்பி. எங்கிட்ட பேசமாட்டான். பேசாட்டிப் போறான், எனக்கென்ன நஷ்டம்.

நீங்க எந்தூரு? சரி சரி, அப்ப ஆனைகுறிச்சி தெரிஞ்சிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ‘சொரிமுத்து பந்தல், சவுண்டு சர்வீஸ்’னு போர்டு பாத்திருப்பிய. அந்தச் சொரிமுத்து நாந்தான். ஆனைகுறிச்சி ஆஸ்பத்திரி மீட்புக் குழுவுக்குச் செயலாளரும் நாந்தான். பேப்பர்ல போட்டோ வந்துச்சே, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல. மாலை போட்டுக்கிட்டு நிக்கவரு தலைவரு, அவரு சும்மா பேருக்கு. மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கது நான்.

எங்கூரு ஆஸ்பத்திரியில ஆபரேசன் தியேட்டர் இருக்கு. இருந்துச்சு. ஜெயசீலின்னு ஒரு டாக்டரம்மா. குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், பித்தப்பை எல்லாத்தையும் அந்தப் புள்ள ஒத்தையில பாத்துச்சு. மயக்க மருந்து டாக்டர் வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டுப் போவாரு. சுத்துப்பட்டி ஊரு அத்தனைக்கும் அதுதான் கதி. திடீர்னு ஒரு பேச்சு அடிபடுது. அறுவை சிகிச்சைப் பிரிவை அப்படியே தூக்கி இந்தப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரப் போறாவளாம். ஒருங்கிணைப்பாம். பேரு மட்டும் நல்லாத்தான் வைக்கான். எங்க தெருக் குழாயைப் புடுங்கி அடுத்த தெருவுல நட்டா அதுக்குப் பேரு ஒருங்கிணைப்பா? நீங்களே சொல்லுங்க.

விடுவமா. கடையடைப்பு, உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி. பந்தல் நம்ம பந்தல், மைக் நம்ம மைக். அந்தச் சத்தம் சென்னை வரைக்கும் கேட்டுது. சட்டசபையில எதிர்க்கட்சிக்காரரு ஒருத்தரு எந்திரிச்சுக் கேள்வி கேட்டுட்டாரு. உடனே ஒரு ஆய்வுக் குழு போட்டாவ. எம்.எல்.ஏ.மாரு நேர்ல வந்து பாத்து, தியேட்டர் எங்கூருல இருக்கணுமா வேண்டாமான்னு எழுதிக் குடுப்பாவளாம். அதைப் பொறுத்துத்தான் முடிவாம்.

குழுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. குழுவுக்குப் பந்தல் போட்டே மீசை நரைச்சவன் நான். வறட்சியைப் பாக்க ஒரு குழு வந்துச்சு, எளநி கேட்டாவ. வெள்ளத்தைப் பாக்க ஒரு குழு வந்துச்சு, அவியளும் எளநிதான் கேட்டாவ. ஒருத்தராவது கார் கண்ணாடியை இறக்கி வெளிய பாக்கணுமே. அவியளுக்கு என்ன தெரியும்? கண்ணு முன்னால பளிச்சுன்னு ஒண்ணு நின்னா அது தெரியும். இல்லன்னா எளநி.

இதை அந்த டாக்டரம்மாகிட்ட சொன்னா ஏறமாட்டேங்கு. ‘என்னைக்கும் போல இருக்கட்டும் சார். அன்னைக்கு ரெண்டு ஆபரேசன் இருக்கு, அது நடக்கட்டும். அவங்க வெளிக் கண்ணாடி வழியாப் பாக்கலாம். உள்ள வரணும்னா மூணு பேரு, டிரெஸ் மாத்தி, மாஸ்க் போட்டு வரலாம்’னா. எம்.எல்.ஏ.வுக்குப் பச்சைச் சட்டை போட்டு மூஞ்சியைக் கட்டி விட்டா, பேப்பர்ல படம் வந்தா எவன் அடையாளம் கண்டுபிடிப்பான்? அவரு பெத்த தாய்க்கே தெரியாது. படிச்சா மட்டும் போதாது அண்ணாச்சி. உலகம் தெரியணும்.

இதுக்குள்ள பேச்சியம்மா விசயம். அவளுக்கு ரொம்ப நாளா வலி. சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாட்டியும் வலி. வலது விலாவைப் புடிச்சுக்கிட்டு அடுப்படியில அப்படியே உக்காந்திருவா. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, வர்ற செவ்வாக்கிழமையே எடுத்துரலாம்னு எங்கிட்ட சொன்னா. நான் ஒரு நிமிசம் யோசிச்சேன். குழு வாரது அடுத்த மாசம். அன்னைக்கு ரெண்டு ஆபரேசன்னு டாக்டரம்மா சொல்லுதா, ஆள் வராமப் போயிட்டா? டேபிள் காலியாக் கெடந்தா? ‘ஈ ஓட்டுத இடத்துக்கு எதுக்குய்யா தியேட்டரு’ன்னு கேட்டுட்டுப் போயிருவான். அதுக்குன்னு அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட போயி, ஒன் வயித்தை அந்தத் தேதியில அறுத்துக்கோன்னு சொல்ல முடியுமா? செயலாளரு நான், நம்ம வீட்டுலருந்துதான் ஆரம்பிக்கணும்.

டாக்டரம்மாகிட்ட, வீட்ல ஒரு விசேசம் இருக்கு, குழு வார அன்னைக்கு முத கேஸா வச்சுக்கிடுங்கன்னு சொன்னேன். பேச்சியம்மாகிட்ட, டாக்டரம்மாதான் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கான்னு சொன்னேன். பொய்யில்ல அண்ணாச்சி, இதுக்குப் பேரு ஏற்பாடு. அன்னா இருக்கானே அந்தப் பரோட்டா மாஸ்டரு, ஐயம்பெருமாளு, அவன் ஓட்டல்லருந்து மாவுக் கையோட வந்து நிக்கான். ‘அத்தான், அக்கா மூஞ்சியே மஞ்சளாக் கெடக்கு, வேற எங்கயாவது கொண்டு காட்டுவோம்’ங்கான். நான் ஊரு ஆஸ்பத்திரியைக் காப்பாத்தணும்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன், என் பொண்டாட்டியையே வெளியூருக்குக் கொண்டு போனா நாலு பேரு என்ன கேப்பான்? அதைக்கூட யோசிக்கத் தெரியாத பயலுக்கு நான் என்னத்தைச் சொல்ல. ஊருக்காக உயிரைக் குடுப்பேன்னு மேடையில பேசாதவன் யாரு? நான் பொண்டாட்டியவே குடுத்தேன்.

குழு வார அன்னைக்கு வெள்ளனே போயிட்டேன், நம்ம பயலுவளோட. கேட்டுலருந்து வாசல் வரைக்கும் பந்தல். அது எல்லாரும் செய்யுததுதான். நான் செஞ்சது வேற. அவிய பாக்க வாரது என்னது? தியேட்டரு. அப்ப சோடனை எங்க இருக்கணும்? தியேட்டர்ல. இதை ஒரு பய யோசிக்கல, நான் யோசிச்சேன்.

டாக்டரம்மா குழுவுக்கு விளக்கம் சொல்ல மீட்டிங் ஹாலுக்குப் போயிட்டா. சாவி கனகா சிஸ்டர்கிட்ட இருந்துச்சு. அந்தப் பொம்பளை கதவுக்குக் குறுக்க கையை நீட்டிக்கிட்டு நிக்கா, ஏதோ அவ அப்பன் கட்டுன தியேட்டர் மாதிரி. எங்க தலைவரு போனைப் போட்டு எம்.எல்.ஏ. பி.ஏ.கிட்ட பேச வச்சாரு. பேசின பொறவு ஒதுங்கி நின்னா. ஒதுங்கி நின்னு அழுதா. எதுக்கு அழுதான்னு இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல.

நீங்க பாத்திருக்கணும் அண்ணாச்சி. கதவுக்கு ரெண்டு பக்கமும் குலை தள்ளுன வாழைமரம். மேல மாவிலைத் தோரணம். உள்ள அந்தப் பெரிய லைட்டு இருக்குல்லா, அதுக்கு மல்லிகைப்பூச் சரம். மயக்க மருந்து மிசினுக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம். கத்தி கத்திரியெல்லாம் ஒரு பொட்டியில மூடி வச்சிருந்தாவ, அதைத் தொறந்து வரிசையா அடுக்கி, ஆயுத பூசைக்கு வைக்க மாதிரி பொட்டு வச்சு வச்சேன். வருசத்துக்கு ஒருக்க நான் என் ஜெனரேட்டருக்கே வைக்கேன், உயிரைக் காப்பாத்துத சாமானுக்கு வைக்க வேண்டாமா? சாம்பிராணி போட்டு மூலை முடுக்கெல்லாம் காட்டுனோம். வாசப்படியில சூடம் கொளுத்தித் திருஷ்டிப் பூசணிக்காய் சுத்தி உடைச்சோம். கொஞ்சம் உள்ளயும் செதறுச்சு. உடைச்சா செதறத்தானே செய்யும்.

பேச்சியம்மா அப்ப வராண்டாவுல டிராலியில படுத்திருந்தா. பச்சைச் சட்டை போட்டு, பச்சைத் தண்ணி பல்லுல படாம, ரெடியா. எல்லாத்தையும் படுத்தபடிக்குப் பாத்துக்கிட்டே இருந்தா. ‘ஏங்க, இதெல்லாம் எதுக்கு’ன்னு கேட்டா. ‘எல்லாம் ஒனக்காகத்தாம்ட்டி’ன்னேன். புது லாரி எடுத்தா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கோம்லா, அவ டிராலிக்கும் நாலு சக்கரத்துக்கும் வச்சு, அவளோடயே ஏத்தி இறக்குனோம். ஒரு குலுக்கு குலுக்குச்சு. விலாவைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. வண்டின்னா ரெண்டு குலுக்கு குலுக்கத்தான் செய்யும்.

குழு வந்துச்சு. குழுத் தலைவரு ரிப்பன் வெட்டுனாரு. மேளம். எல்லாரும் உள்ள போனாவ, பின்னால போலீசு, பத்திரிகைக்காரன், நம்ம பயலுவ, அவன் அவன் கூட்டாளி. ‘இது என்னய்யா, ஆஸ்பத்திரியா கோயிலா’ன்னு குழுத் தலைவரு கேட்டாரு. எனக்கு உச்சி குளுந்து போச்சு. ஒரே ஒரு பொம்பளை எம்.எல்.ஏ. மட்டும் செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நின்னாவ. உள்ள வரச் சொன்னேன், தலையை ஆட்டிட்டு நின்னுட்டாவ. புதுசா ஜெயிச்சவிய, கூச்சம் போலன்னு நெனைச்சேன்.

அப்பதான் டாக்டரம்மா வாரா. வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்தா. நான் மாலையோட முன்னால போனேன், அவளுக்கும் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். மாலையைப் பாக்கல, என்னையப் பாக்கல. நேரா டிராலிகிட்ட போனா. பேச்சியம்மா கையைப் புடிச்சா. ‘சிஸ்டர், இந்தம்மாவுக்கு டீ குடுங்க’ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டா. டீ குடுத்தா ஆபரேசன் கெடையாதுன்னு அர்த்தம். அம்புட்டு எம்.எல்.ஏ.மாரு நிக்காவ, அம்புட்டுக் கேமரா நிக்கு, எங்க ஊரு மானத்தையே அவ கையில குடுத்திருக்கோம், அவ டீ குடுக்கச் சொல்லுதா. இப்படிக் கழுத்தறுப்பாளா ஒருத்தி?

பொறவு பஞ்சுக் குச்சியைக் கொண்டாந்து சுவத்துலயும் டேபிள்லயும் தடவி எடுத்துட்டுப் போனாவ. கிருமி வளந்துச்சாம், தியேட்டரைப் பூட்டிட்டாவ. கிருமி எங்க அண்ணாச்சி இல்ல? இந்தா நாம உக்காந்திருக்க நாற்காலியில இல்லையா? நான் சாம்பிராணியும் சூடமும் காட்டிருக்கேன், அதுக்கும் சாகாத கிருமின்னா அது முன்னாலயே அங்கன குடியிருந்த கிருமி. அப்ப யாரு தப்பு? வாராவாரம் புகை போட்டுச் சுத்தம் பண்ணுதோம்னு சொன்னாவளே, அவிய தப்பு.

ரெண்டு மாசத்துல அறிக்கை வந்துச்சு. அந்த வாசல்ல நின்ன பொம்பளைதான் எழுதியிருக்காவ. ‘தொற்றுத் தடுப்பு நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை. பொதுமக்கள் நலன் கருதி அறுவை சிகிச்சைப் பிரிவு தற்காலிகமாக மாற்றப்படுகிறது.’ தற்காலிகம். எங்கூரு தற்காலிகக் காய்கறி மார்க்கெட்டுக்கு நாந்தான் பந்தல் போட்டேன், அப்ப எனக்கு மீசை கறுப்பு. இன்னும் அங்கனதான் தக்காளி விக்கான். கண்ணு முன்னால அம்புட்டு மரியாதை செஞ்சும், எழுதுனது இது. நன்றி கெட்ட உலகம்.

தியேட்டர் சாமானை ஏத்திட்டுப் போக லாரி தேடுனாவ. நம்ம லாரியைக் குடுத்தேன். அதுக்கும் ஊருக்குள்ள ஒரு பேச்சு, செயலாளரே ஏத்தி அனுப்புதாருன்னு. வேற எவனாவது ஒரு மணல் லாரிக்காரன் வந்து தூக்கிப் போட்டுட்டுப் போனா நல்லாருக்குமா? நம்ம ஆஸ்பத்திரிச் சாமான், நம்ம வண்டியில போனாத்தான் மரியாதை. ஜமுக்காளம் விரிச்சு ஏத்தச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கும் கனகா சிஸ்டருக்கும் இங்கதான் மாத்தல்.

நீங்க கேக்கலாம், அதுக்குள்ள பேச்சியம்மாவை இங்க கொண்டாந்து செஞ்சிருக்கலாமேன்னு. எப்படிக் கொண்டார? தியேட்டரைத் திரும்பக் கொண்டு வாங்கன்னு தாலுகா ஆபீஸ் முன்னால பந்தல் போட்டு உக்காந்திருக்கேன். நானே இங்க வந்து வரிசையில நின்னா போராட்டம் அன்னைக்கோட தீந்துச்சு. அவளும் கசாயம் வச்சுக் குடிச்சுக்கிட்டா. டாக்டரம்மாவே தேதி சொல்லி அனுப்புவான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தா.

இன்னிக்கு விடிஞ்சதும் வாந்தி. உடம்பு அனலாக் கொதிக்கு. ஐயம்பெருமாளுதான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுனான், நான் பண்ணுததுக்குள்ள முந்திக்கிட்டான். அவ்வளவு தூரம், ரோடு கெடக்க லட்சணத்துல, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவ ‘அம்மா’ன்னா. ஒரு பள்ளத்துல எங்கையைப் புடிச்சா பாருங்க, நெகம் பதிஞ்சுட்டு. இன்னா தெரியுதா.

இங்க வந்தா, கேசுவால்டியில யாரு நிக்கா? அதே ஜெயசீலி. வயித்தை அமுக்கிப் பாத்தா, மூஞ்சி மாறிட்டு. ஆபரேசன் செய்யணும்னா செய், ஒனக்கு அதுதானே சோலி. இவ கெடந்து என்ன கேக்கா? ‘ஏம்மா, அன்னைக்கே செவ்வாக்கிழமை வரச் சொன்னேனே, வீட்ல விசேசம்னு தள்ளிப் போட்டீங்களே’ன்னு கேக்கா. வலியில துடிக்கவகிட்ட கேக்க கேள்வியா இது? இடம் பொருள் வேண்டாமா?

பேச்சியம்மா கண்ணைத் தொறந்தா. ‘என்ன விசேசம்?’ன்னு கேட்டா.

டாக்டரம்மா என்னையப் பாத்தா. ஐயம்பெருமாளு என்னையப் பாத்தான். நான் விளக்கிச் சொல்ல வாயைத் தொறக்கேன், குழு, டேபிள், ஊரு நெலமைன்னு. எவன் கேக்கான்? பேச்சியம்மா மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. கையெழுத்துப் போட நான் பேனாவை எடுக்கேன், ‘எந்தம்பி போடட்டும்’ங்கா. ‘எது கேக்கணும்னாலும் அவங்கிட்ட கேளுங்கம்மா’ங்கா. காய்ச்சல்ல பேசுதா, வேறென்ன. தாலி கட்டுனவன் கல்லு மாதிரி நிக்கேன், பரோட்டா மாஸ்டரு கையெழுத்துப் போடுதான். அந்தக் கையெழுத்தைப் பாத்திருக்கணும் நீங்க, கோழி கிண்டுனாப்புல.

இருங்க அண்ணாச்சி, கதவு தொறக்கு. கனகா சிஸ்டரு. பேச்சியம்மா ஆளு இங்கதாம்மா, நாந்தான், நான் வீட்டுக்காரரு, ஆனைகுறிச்சி, தெரியும்லா... என்னது? சரி. சரி, இருக்கேன். ஏ, நான் இருக்கேன்னு சொல்லுதேம்லா, எதுக்குக் கையைக் காட்டுத.

பாத்தியளா. ‘நீங்க உக்காருங்க’ன்னுட்டு அவனைக் கூப்பிட்டுட்டுப் போறா. அன்னைக்குக் கதவுக்குக் குறுக்க நின்னா, இன்னிக்கும் நிக்கா. அவளுக்கு அது ஒரு ருசி. உள்ள போயி அவன் என்னத்தைக் கேக்கப் போறான்? டாக்டரு ரெண்டு வார்த்தை சொன்னா ஒரு வார்த்தை வெளங்காது. கலெக்டருகிட்ட பேசுனவன் நான். ஒரு ஊருக்கே பேசுனவன். என்னைய உக்காருன்னுட்டு அவனைக் கூப்பிடுதாவ.

அண்ணாச்சி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா. அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க. டாக்டரம்மா அவங்கிட்ட பேசிக்கிட்டு இருக்காளா? மாஸ்க்கைக் கழட்டிட்டாளா? கழட்டிட்டுப் பேசுனா என்ன அர்த்தம், முடிஞ்சுட்டுன்னா? நல்லதா முடிஞ்சாலும் கழட்டுவாவ, இல்லன்னாலும் கழட்டுவாவ. சரி விடுங்க.

வாரான். வந்துட்டான். பாருங்க, நேரா அதே இடத்துல போயி உக்காந்துட்டான். எம்பக்கம் திரும்புதானா பாருங்க. துண்டால மூஞ்சியைத் தொடைக்கான். வேர்வையா என்னன்னு இங்கருந்து தெரியல. ஏலே ஐயம்பெருமாளு. ஏலே. கேக்குதுலே உனக்கு.

திரும்பமாட்டேங்கான்.

அண்ணாச்சி, ஒரு உபகாரம் செய்யணும். நீங்க எந்திரிச்சு அவம் பக்கத்துல போயி உக்காருங்க. யாரோ எவரோ மாதிரி, உங்க அக்காளுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா உங்ககிட்டயும் பேசமாட்டான்.